நாலாவது வரியின் சிவப்பு

“என் கண்ணுல கோளாறு இல்லைன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு சார். அப்போ கோளாறு எங்க இருக்குன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

வந்த பெண் உட்காரக்கூட இல்லை. கண் ஆஸ்பத்திரிச் சீட்டை மேசைமேல் வைத்தாள். அது மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்கத் தன் டிபன் பாக்ஸை அதன்மேல் வைத்தாள். வேலைக்குக் கிளம்பிய கோலம்தான், ஆனால் சனிக்கிழமை காலை வேலை நேரத்தில் இங்கே வந்து நிற்கிறாள்.

இங்கே என்றால், அனுப்பர்பாளையத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் கிட்டுசாமியின் அலுவலகம். வாசலில் ‘துப்பறியும் நிலையம்’ என்று இருக்கும் பலகையைப் படித்துவிட்டுப் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, பக்கத்துப் பாத்திரப் பட்டறையின் ஓயாத டங்டங் சத்தம், அவ்வளவுதான். கிட்டுசாமி பல வருஷம் ஏற்றுமதித் துணியில் குறை கண்டுபிடிக்கும் உத்தியோகம் பார்த்தவர். துணியில் ஓட்டை தேடி அலுத்துப்போய், மனிதர்கள் சொல்லும் கதைகளில் ஓட்டை தேட வந்துவிட்டார். குரலை உயர்த்த மாட்டார், அவசரப்பட மாட்டார், ஆறிப்போன டீயைக்கூட ரசித்துக் குடிப்பார்.

அவருடைய உதவியாள் நதியா அப்படியே நேர் எதிர். வெப்சைட் கட்டித்தரும் கம்பெனியில் இருந்தவள், அங்கே பரபரப்பு பற்றாது என்று இங்கே வந்து சேர்ந்தாள். வந்த ஆள் வாசற்படி தாண்டுவதற்குள் குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவாள். பாவம், இதுவரை ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

“மொதல்ல உக்காரு கண்ணு” என்றார் கிட்டுசாமி. “பேரு?”

“ஜோதிகா. சொந்த ஊரு கோவில்பட்டிப் பக்கம். சென்னியப்பன் அய்யா கம்பெனியில கட்டிங் பாக்கேன். எந்தத் துணியை வெட்டணும், எதை நிறுத்தணும்னு நான்தான் சொல்லணும்.”

“என்ன நடந்துச்சு?”

“எங்க ஹால்ல பெரிய டிவி ஒண்ணு மாட்டியிருக்காக சார். அந்த வாரத்துக்கு வந்த துணியெல்லாம் அதுல கட்டம் கட்டமா வரும். ஒரு துணிக்கு ஒரு வரி. சாயம் சரியா ஏறாத துணின்னா, அந்த வரியில ஷேடு கட்டம் மட்டும் செவப்பா இருக்கும். செவப்பு இருந்தா கத்திரி படக்கூடாது. அந்தக் கட்டத்துல எழுத்தே கிடையாது, நெறம் மட்டுந்தான். பீகார்ல இருந்து வந்த பிள்ளைகளுக்கும் புரியணும்லா.”

“நல்ல ஏற்பாடு.”

“வியாழக்கிழமை பாட்டில் கிரீன் துணிக்குத்தான் செவப்பு இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். அதைத் தொடாம ஓரமா வச்சு, சாக்பீஸ்ல பெருக்கல் குறியும் போட்டேன். நேவி ப்ளூவுக்கு ஒண்ணுமே இல்ல, வெட்டச் சொல்லிட்டேன். நேத்து தைக்கிற எடத்துல பாத்தா நேவிதான் ஷேடு மாறுன துணியாம். உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். எல்லாரும் ஓடியாந்து டிவியைப் பாத்தாக. நேவியிலதான் செவப்பு இருக்கு சார். பாட்டில் கிரீன் சுத்தமா இருக்கு.”

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“டிவி பொய் சொல்லுதா, நீ பொய் சொல்லுதியான்னு கேட்டாரு முதலாளி. பொய் சொல்லலைய்யான்னேன். அப்போ உனக்குக் கலர் தெரியாது, சனிக்கிழமையோட நின்னுக்கோன்னுட்டாரு. வேலை போனா வேற வேலை தேடிக்கலாம் சார். ஆனா கலர் தெரியாதவன்னு பேரு வாங்கிட்டுப் போனா, இந்த ஊர்ல எந்தக் கட்டிங் மேசையிலயும் என்னை நிக்கவிட மாட்டாக. அதனாலதான் நேத்தே ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாக. அப்படியும் எனக்கே பயமா இருக்கு. பஸ்ல வரும்போது பாக்குற சேலையெல்லாம் இது செவப்புதானா, அது பச்சைதானான்னு கேட்டுக்கிட்டே வாரேன்.”

நதியாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “யாரோ வேணும்னே மாத்தி வெச்சுட்டு, அப்புறம் திருப்பி மாத்தியிருக்காங்க சார். இவங்க மேல பொறாமை. தெளிவாத் தெரியுது!”

“ஆளு யாருன்னும் சொல்லிட்டா, நாம கீழ போயி பன் சாப்பிடலாம்” என்றார் கிட்டுசாமி. பிறகு ஜோதிகாவைப் பார்த்தார். “பாட்டில் கிரீன் துணி இப்போ எங்க இருக்குது?”

“ராக்குல அப்படியே கெடக்கு. யாரும் தொடலை.”

“டிவியில பாட்டில் கிரீனும் நேவியும் எங்கெங்க வரும்?”

“பாட்டில் கிரீன், அதுக்கு நேர் கீழ நேவி.”

“வியாழக்கிழமை டிவியில வழக்கத்துக்கு மாறா ஏதாச்சும் இருந்துச்சா?”

ஜோதிகா கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். “இல்ல சார். எப்பவும் போலத்தான்.”

கிட்டுசாமி டீயின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு எழுந்தார்.

அவிநாசிபாளையம் போகும் வழியில் இருந்தது சென்னியப்பனின் கம்பெனி. வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த நதியாவின் காதில் விழும்படி கிட்டுசாமி சொன்னார்: “கவனம் இல்லாத ஆளு என்ன பண்ணும்? சிவப்பைப் பாக்காம எல்லாத்தையும் வெட்டிப்போடும். இந்தப் புள்ள ஒரு நல்ல துணியை வேலை மெனக்கெட்டு ஒதுக்கி வெச்சிருக்குது. அந்தப் பெருக்கல் குறியை நினைச்சுக்க.”

“அதைத்தானுங்க நானும் சொல்றேன், பொறாமை” என்றாள் நதியா.

கம்பெனி வாசலில் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய்த் துண்டுகள் குங்குமத்தோடு காய்ந்துகொண்டிருந்தன. கிட்டுசாமி அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். ஜோதிகா நேராகக் கட்டிங் ஹாலுக்குப் போய்விட்டாள்.

சென்னியப்பன் கெட்ட மனுஷன் இல்லை. நெற்றியில் திருநீறும் சந்தனமும், வெள்ளைச் சட்டையும், யார் வந்தாலும் முதலில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கும் பழக்கமும் கொண்டவர். ஆனால் பிடித்த பிடியை விடுவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

“வாங்க கிட்டுசாமி, சாப்பிட்டீங்களா? அந்த மூணாவது டேபிள் புள்ள உங்ககிட்ட வந்துட்டுதாக்கும்? ஏனுங்க, நான் என்ன பண்றது? டிவியில செவப்பு இருக்குது. ஹாலே பாத்துச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மறந்திருப்பனுங்க. அது சொல்லவே மாட்டேங்குது.”

“அந்தப் புள்ளையோட பேரு என்னங்க?”

சென்னியப்பன் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சித்ரகலா, “ஜோதிகாங்க” என்று எடுத்துக் கொடுத்தாள்.

“அதான், ஜோதிகா. இத்தனை பேர் வேலை செய்யறாங்க, எல்லார் பேரும் ஞாபகம் இருக்குதுங்களா? மூணாவது டேபிள்னா தெரிஞ்சுபோகும்.”

“அந்த வாரத்துத் துணி என்னென்னன்னு வரிசையா எனக்கு எழுதித் தரீங்களா?”

சென்னியப்பன் ஒரு தாளை இழுத்து, வழக்கம்போல நடு உச்சியில் பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டு, கொட்டை எழுத்தில் எழுதினார்: சாம்பல், மெரூன், பாட்டில் கிரீன், நேவி ப்ளூ, சந்தனம். நதியா எட்டிப் பார்த்து, “அஞ்சு வரி சார். நேவி நாலாவது” என்றாள். கிட்டுசாமி தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது சித்ரகலா. “திங்கட்கிழமை துணி விவரம் ஏத்துவேனுங்க, அவ்வளவுதான் என்ற வேலை. அதுக்கப்புறம் நான் எதையும் மாத்தலீங்க, சத்தியமா. செவப்பு கிவப்பெல்லாம் மோகன்ராஜ் வெக்கறதுங்க. என்ற கம்ப்யூட்டர்ல நெறமே வராது, வெறும் கட்டந்தானுங்க.”

மோகன்ராஜ் அந்த டிவிப் பக்கத்தை வடிவமைத்தவன். சோமனூரில் வீட்டிலிருந்தபடியே பல கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிறான். போன் பண்ணியதும் லேப்டாப்போடு ஓடி வந்துவிட்டான். வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. நதியா அவனைப் பார்த்த பார்வை அப்படி, குற்றவாளியே கிடைத்துவிட்ட மாதிரி.

“புதன்கிழமையே சாயம் சோதிக்கற லேப்ல சொன்னாங்க, நேவி ஷேடு சரியில்லைன்னு. அப்பவே செவப்பு வெச்சுட்டேனுங்க. அப்புறம் அந்தக் கலரை நான் தொடவே இல்லீங்க. வேணும்னா பாருங்க, கலர் எப்போ மாறுச்சுன்னு இதுல பதிவாகியிருக்கும்.”

நதியா லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வாடிப்போனது. “நெசந்தானுங்க சார். புதன்கிழமை எழுதுனது, இன்னைக்கு வரைக்கும் ஒரு எழுத்து மாறலை.”

“என்ன எழுதியிருக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“நம்மூர்ல நூலைத் துணியா ஓட்டறது ஒரு எடம், சாயம் போடறது ஒரு எடம் இல்லீங்களா? வெப் பக்கமும் அதேதான் சார். ஹெச்.டி.எம்.எல். கட்டத்தை ஓட்டும். சி.எஸ்.எஸ். அதுக்குச் சாயம் போடும். எந்தக் கட்டத்துக்குச் சாயம்னு விலாசம் சொல்லோணும், அதுக்குப் பேரு செலக்டர். இவரு என்த்-சைல்டுன்னு எழுதியிருக்காரு. அப்படின்னா இத்தனாவது பிள்ளைன்னு அர்த்தம். நாலாவது வரி, அந்த வரியில மூணாவது கட்டம், அதுக்குச் செவப்பு. நேவிதான நாலாவது? சரியாத்தான் இருக்குது.”

“பிள்ளைக்குப் பேரு கிடையாதா?”

“பேர் வெச்சும் கூப்பிடலாமுங்க. இவரு வரிசையில நிக்கற எடத்தைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு.”

மோகன்ராஜ் தலையைச் சொறிந்தான். “அவசரமாக் கேட்டாங்கன்னு அப்படி எழுதிப்போட்டேனுங்க. ஒரு வாரத்துக்கு வரிசை மாறவே மாறாதுங்களே.”

“மாறாதுதான்” என்று ஒத்துக்கொண்டார் கிட்டுசாமி. ஆனால் அவர் கண்ணில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்ததை நதியா கவனித்தாள். தனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

கட்டிங் ஹாலில் விரித்த துணிகளுக்கு நடுவே ஜோதிகா தன் மேசையருகே சும்மா நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை. நேற்றுவரை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போனவர்கள், இன்றைக்கு அவள் கண்ணில் படாமல் குனிந்து வேலை செய்தார்கள். பழி என்று ஒன்று வந்துவிட்டால் அது அம்மை மாதிரிதான், ஒட்டிக்கொள்ளுமோ என்று ஆட்கள் விலகிப் போவார்கள்.

கிட்டுசாமி டிவியின் அடியில் போய் அண்ணாந்து பார்த்தார். மேலே தலைப்பு, அதன் கீழே ஐந்து வரிகள். சந்தனத்தின் வரி டிவியின் கீழ்ச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு முடிந்தது. அதற்குக் கீழே ஒரு விரல் இடம்கூட இல்லை.

துணி வண்டி தள்ளிக்கொண்டு வந்த முனீஸை அவர் நிறுத்தினார். அவனும் தெற்கத்திக்காரன். “வியாழக்கிழமை நீதான துணி கொண்டாந்தே? நேவி எப்படி இருந்துச்சு, செவப்பா?”

“நான் கவனிக்கலைண்ணே. சந்தனக் கலரைத்தான் அன்னைக்கு முழுக்கத் தேடிக்கிட்டு இருந்தேன்.”

“ஏன், என்னாச்சு?”

“டிவியில சந்தனம் வரவே இல்லண்ணே! வண்டியில துணியை வச்சுக்கிட்டு நிக்கேன், வரியைக் காணோம். ஆபீஸ்ல போய்க் கேட்டா, சித்ராக்கா கம்ப்யூட்டரைக் காட்டி, இருக்கு பாருங்காக. இங்க வந்து பாத்தா இல்ல. மறுநாள் பாத்தா தானா வந்து உக்காந்திருக்கு. பேய் பிடிச்ச டிவி.”

“அன்னைக்கு கம்பெனியில ஏதாச்சும் விசேஷமா?”

“அமாவாசைப் பூசைண்ணே. இங்கதான் நடந்துச்சு. டிவிக்குக்கூடப் பொட்டு வச்சாக. வாசல்ல பூசணிக்காய் உடைச்சது நான்தான்.”

கிட்டுசாமி நிம்மதியாக மூச்சு விட்டார். “நதியா, எல்லாரையும் இந்த டிவிக்கு முன்னால கூப்பிடு. வேலை செய்யறவங்களும் இருக்கட்டும். எங்க வெச்சு அந்தப் புள்ளையத் திட்டுனாங்களோ அங்கேயே பேசிக்கலாம்.”

“ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்களா?” என்று கிசுகிசுத்தாள் நதியா. “மோகன்ராஜ்தான? முகமே சரியில்லை.”

“போயி கூப்பிடு தாயீ.”

எல்லோரும் வந்தார்கள். சென்னியப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் சித்ரகலாவும் மோகன்ராஜும் நின்றார்கள். ஜோதிகா தன் மேசையை விட்டு நகரவில்லை. அவள் பிடித்திருந்த பிடியில் மேசை விளிம்பே வலித்திருக்கும்.

“மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன்” என்றார் கிட்டுசாமி. “இங்க யாரும் பொய் சொல்லலீங்க. அந்தப் புள்ள சொன்னது நெசம். டிவி காட்டறதும் நெசம்.”

“அதெப்படீங்க?” என்றார் சென்னியப்பன். “ரெண்டுல ஒண்ணு தான இருக்க முடியும்?”

“பாட்டில் கிரீன் நல்ல துணி. அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலை. அப்படியிருந்தும் ராக்குல பெருக்கல் குறியோட கெடக்குது. கண்ணு தெரியாதவங்க செவப்பைத் தவற விடுவாங்க, ஒத்துக்கறேன். இல்லாத செவப்பைப் பாத்து ஒரு துணியை ஒதுக்கி வெக்க மாட்டாங்க. அதனால அன்னைக்குச் செவப்பு பாட்டில் கிரீன்லதான் இருந்திருக்கோணும். நாலாவது வரியில இருக்க வேண்டிய செவப்பு, ஒரு வரி மேல ஏறி உக்காந்திருக்குது. அதே நாளு, கடைசி வரியான சந்தனம் டிவியை விட்டுக் கீழ போயிருச்சு. இதை முனீஸ் சொல்றான். ஒண்ணு மேல ஏறுது, ஒண்ணு கீழ எறங்குது. ரெண்டும் ஒரே நாள்ல. இதுக்கு ஒரே ஒரு காரணந்தான் இருக்க முடியும். அன்னைக்கு இந்த டிவியில அஞ்சு வரி இல்ல, ஆறு வரி இருந்துச்சு.”

“ஆறாவது துணி வரவே இல்லீங்களே” என்றாள் சித்ரகலா.

கிட்டுசாமி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்துக் காட்டினார். “முதலாளி எழுதிக் குடுத்தது. இதுல எத்தனை வரி இருக்குதுங்க?”

“அஞ்சு” என்றார் சென்னியப்பன்.

“நல்லா எண்ணிப் பாருங்க.”

“சாம்பல், மெரூன், பாட்டில் கிரீன், நேவி, சந்தனம். அஞ்சுதானுங்க. என்ன கிட்டுசாமி, எனக்கு எண்ணத் தெரியாதுங்கறீங்களா?”

நதியா தாளை வெறித்துப் பார்த்தாள். திடீரென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யய்யோ! சார், ஆறு! மேல சுழி இருக்குதுங்க!”

ஹாலில் யாரோ சிரித்தார்கள். கிட்டுசாமி சிரிக்கவில்லை.

“சித்ரகலா, அமாவாசைப் பூசையன்னைக்கு டிவிக்குப் பொட்டு வெச்சீங்களாம். வேற என்ன பண்ணுனீங்க?”

“வேற ஒண்ணும் இல்லீங்க. அய்யாதான் டிவியப் பாத்துட்டு, ‘இதென்ன, தலையில சுழியே இல்லாம ஓடுது’ன்னாருங்க. போயி மேல ஒரு வரி சேத்து, நடுக் கட்டத்துல சுழி போட்டேனுங்க.”

“எதையும் மாத்தலைன்னு சத்தியம் பண்ணுனியே, அம்மணி?”

சித்ரகலா மலங்க மலங்க விழித்தாள். “அது சுழிங்களே! மாத்தறதுல சேத்திங்களா அது?”

“தம்பி மோகன்ராஜ், நீங்க அன்னைக்குச் சாயங்காலம் என்ன பண்ணுனீங்க?”

“நானா? சொந்தக்காரங்க கல்யாண ஊட்டுல இருந்தேனுங்க. போன்ல இந்தப் பக்கத்தைத் தொறந்து பாத்தேன். மேல ஒரு வரி காலியாக் கெடந்துச்சு, தூக்கிப்போட்டேன்.” அவனுடைய முகம் மெதுவாக மாறியது. “போன்ல மொத ரெண்டு கட்டந்தானுங்க தெரியும். சுழி நடுக் கட்டத்துல இருந்திருக்குது. நான் பாக்கவே இல்லீங்க. காலி வரி எடுக்கறது தினமும் பண்றதுங்க, வாசல் கூட்டற மாதிரி. அதைப்போயி ஒரு வேலைன்னு சொல்லத் தோணலை.”

“தோணாதுதான். சுழி போடறதையும் வாசல் கூட்டறதையும் நாம வேலைக் கணக்குல சேக்கறதில்லீங்க. ஏதாச்சும் மாத்துனீங்களான்னு நான் கேட்டா, எல்லாரும் மனசறிஞ்சு இல்லைன்னுதான் சொல்லுவீங்க. வாங்க, பண்ணியே பாத்துப்போடலாம். சித்ரகலா, அன்னைக்குப் போட்ட மாதிரியே இப்போ ஒரு சுழி போடு.”

சித்ரகலா ஆபீஸுக்கு ஓடினாள். ஹாலே தலையைத் தூக்கி டிவியைப் பார்த்தது. திரை ஒருமுறை கண் சிமிட்டியது. தலைப்புக்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்தது, அதன் நடுவில் சுழி. சாம்பலும் மெரூனும் பாட்டில் கிரீனும் நேவியும் ஒவ்வொரு படி கீழே இறங்கின. சந்தனம் சட்டத்துக்கு அடியில் போய் மறைந்தது. சிவப்பு மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நாலாவது வரியில்தான் இருந்தது, ஆனால் அந்த வரியில் இப்போது பாட்டில் கிரீன் என்று எழுதியிருந்தது.

“அதான்!” என்று ஜோதிகா கத்திவிட்டாள். “அதேதான்யா! இதைத்தான் நான் பாத்தேன்!” அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகையோடே சொன்னாள்: “சுழி இருந்துச்சு. ஆமா, இருந்துச்சு. நான்கூடப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டேன். நீங்க கேட்டப்போ எப்பவும் போலத்தான்னு சொல்லிட்டேனே சார்.”

“நீ மட்டுமா, கண்ணு? முதலாளியே இப்போத்தான தாளைப் பாத்து அஞ்சுன்னாரு” என்றார் கிட்டுசாமி. “நாம சுழியை வரின்னு எண்ணறதில்லை. கம்ப்யூட்டர் எண்ணிப்போட்டுது.”

“மூத்த பிள்ளை முன்னால வந்து உக்காந்துட்டாரு” என்றாள் நதியா, பொறுக்கமாட்டாமல். “நாலாவது பிள்ளைன்னு கூப்பிட்டா, மூணாவதா இருந்தவன்தான எந்திரிச்சு வருவான்?”

சென்னியப்பன் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். சுழி போடச் சொன்னது அவர். அதனால் தடம் மாறிய சிவப்பை நம்பி வேலை செய்தவளை, அதே டிவியைக் காட்டித் திட்டியதும் அவர். வேறு யார்மேலும் பழி போட வழியில்லாமல் அது அவரிடமே திரும்பி வந்திருந்தது. “பிள்ளையார் புடிக்கப் போயி கொரங்காப் போச்சே சாமி” என்று முணுமுணுத்தார்.

மோகன்ராஜ் கலங்கிப்போய் முன்னால் வந்தான். “என்ற தப்புங்க அய்யா. அப்படி எழுதியிருக்கக்கூடாது.”

“இனிமே எப்படி எழுதறது?” என்று கேட்டார் கிட்டுசாமி.

நதியா முந்திக்கொண்டாள். “ஒவ்வொரு வரிக்கும் துணியோட பேரையே அடையாளமாக் கட்டிப்போடலாமுங்க. நாலாவது வரிக்குச் செவப்புன்னு சொல்லாம, நேவிக்குச் செவப்புன்னு சொல்லோணும். அப்புறம் மேல ஆயிரம் வரி வந்தாலும் செவப்பு அதுகூடவே போகும்.”

“அதான் சரி. வரிசையில நிக்கற எடம் எப்போ வேணா மாறும், பேரு மாறாது. ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா எந்த வம்பும் இல்லீங்க.” கிட்டுசாமி இதை மோகன்ராஜுக்குத்தான் சொன்னார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த சென்னியப்பன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவர் மேசைகளுக்கு நடுவே நடந்து போனார். ஜோதிகாவுக்கு எதிரில் போய் நின்றார்.

“இந்தா, மூணாவது…” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஜோதிகா.”

“அய்யா.”

“எல்லார் முன்னாலயும் உன்னத் திட்டுனேன். எல்லார் முன்னாலயும் சொல்றேன். உன்ற கண்ணுல ஒரு தப்பும் இல்லை. நாந்தான் கண்ணிருந்தும் பாக்கலை. மனசுல வெச்சுக்காத கண்ணு.”

ஜோதிகா முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். “வேலையில தப்பு கண்டா திட்டுங்கய்யா, கேட்டுக்கிடுதேன். பொய் சொல்லுதன்னு மட்டும் சொல்லாதீக. நேத்துல இருந்து எனக்குச் சோறு எறங்கலை.”

“சொல்ல மாட்டேன்” என்றார் சென்னியப்பன். “மொதல்ல போயி சாப்பிடு.”

“இருக்கட்டும்யா.” அவள் ராக்குக்குப் போனாள். பாட்டில் கிரீன் துணியில் தான் போட்ட பெருக்கல் குறியைக் கையால் தட்டித் தட்டி அழித்தாள். “முனீசு, இந்த ரோலை எடுத்து டேபிள்ல போடு” என்றாள். முனீஸ் ஓடி வந்தான். அவனோடு, காலையிலிருந்து விலகி நின்ற நாலு பேரும் ஓடி வந்தார்கள். அவள் அவர்களிடம் ரோலின் ஒரு முனையைப் பிடிக்கக் கொடுத்தாள்.

அதற்குள் மோகன்ராஜும் நதியாவும் ஒரே லேப்டாப்பில் தலையை முட்டிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்துக்கு முன்னால் அவனைக் குற்றவாளி ஆக்கிய பெண், இப்போது அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸிலிருந்து திரும்பி வந்த சித்ரகலா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அய்யா, சுழியை எடுத்துப்போடட்டுங்களா?”

சென்னியப்பன் பதறிப்போனார். “சுழிய எடுக்கறதாவது!”

“எடுக்க வேண்டாமுங்க” என்றாள் நதியா. “தலைப்புலயே சேத்துட்டோம். அங்க இருந்தா யாரும் எண்ண மாட்டாங்க. பேர் கட்டறதும் முடிஞ்சுது, பாருங்க.”

திரை மறுபடி கண் சிமிட்டியது. சென்னியப்பன் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்கப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஏம்மா ஜோதிகா” என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். “இப்போ எதுல செவப்பு இருக்குது?”

பச்சைத் துணியை மேசையில் நீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நேவியிலய்யா.”

“அப்போ சரி” என்று சொல்லிவிட்டு அவர் ஆபீஸுக்கு நடந்தார். டிவியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.